இதயக் கருவியோடு ஓர் இரவும் பகலும்

மனித உடம்பில் எத்தனையோ உறுப்புகள் உள்ளன. கல்லீரல் இரவு பகலாக உழைக்கிறது; அதனை நாம் நினைப்பதேயில்லை. மண்ணீரல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் கற்றவர்களுங்கூடச் சற்று விழிப்பார்கள். இதயம் ஒன்றுதான் தான் இருக்கும் இடத்தைத் தானே அறிவித்துக்கொண்டிருக்கும் உறுப்பு. ஓடினால் அறிவிக்கிறது, நாணினால் அறிவிக்கிறது, அஞ்சினால் உரக்க அறிவிக்கிறது. அந்த அறிவிப்பை நோயின் குரல் என்று ஒருவன் எண்ணத் தொடங்கிவிட்டால், அவனுக்கும் அவன் இல்லத்தாருக்கும் உறக்கம் போய்விடுகிறது.

இதனை நாம் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. பட்டறிந்தே எழுதுகிறோம். எம்மைப் போல நள்ளிரவில் நாடியைப் பிடித்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்திருப்போர் பலர் இருப்பர். அவர்களுக்கும், அவர்களைக் கண்டு செய்வதறியாது நிற்கும் மனைவி மக்களுக்கும் இக்கட்டுரை சிறிதேனும் பயன்படலாம் என்பது எமது எண்ணம்.

அச்சம் வந்த வழி

எமது வாசம் கடுகண்ணாவையில். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி மலையேறி முடிக்கும் இடம் அது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட இவ்வீதிக்காகப் பாறையைக் குடைந்து வழி செய்தார்கள். வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் வீதியோரத்தில் நிற்கிறது. குடைந்த பாறையையும் கோபுரத்தையும் பாடசாலைச் சுற்றுலாவில் பார்க்காத மாணவர் மலையகத்தில் குறைவு.

இவ்வூரில் சமதரை அருமை. கடைக்குப் போனால் இறக்கம். வீடு திரும்பினால் ஏற்றம். எமது வீட்டுக்கு வீதியிலிருந்து எழுபத்திரண்டு படிகள் ஏறவேண்டும். இருபது ஆண்டுகளாக நாம் அப்படிகளை எண்ணியதில்லை. எண்ணத் தொடங்கியது எமது தமையனார் மறைந்த பின்னர்தான்.

தமையனாருக்கு ஐம்பத்து நான்கு வயது. காலையில் நன்றாகத் தேநீர் அருந்திவிட்டுப் புறப்பட்டவர், மாலையில் மாரடைப்பால் மறைந்தார் என்ற செய்தி வந்தது. அந்தியேட்டி முடிந்து நாற்பது நாள் கழித்து ஓர் இரவு, உறக்கம் வரும் வேளையில் எமது நெஞ்சில் ஒரு துடிப்புத் தவறியது போலிருந்தது. அடுத்த துடிப்பு ‘டமார்’ என்று நெஞ்சுக்கூட்டில் இடித்தது. எழுந்து உட்கார்ந்தோம். வியர்த்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தோம், நிமிடத்துக்கு நூற்றுப்பத்து. அதைக் கண்டதும் நூற்றிருபதாயிற்று.

அன்று தொடங்கியது. படியேறுமுன் நாடி பார்த்தோம். ஏறிய பின்னும் பார்த்தோம். நடை குறைந்தது. இடப்பக்கமாகப் படுப்பதை விட்டோம். கண்டிக்குப் போனால் வைத்தியசாலை எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டுக்கொண்டே பஸ்ஸில் அமர்ந்திருந்தோம். ஒரு முறை ஈ.சி.ஜி. எடுத்தோம், நன்றாக இருந்தது. “எடுத்த அந்தச் சில விநாடிகளில் நன்றாகத்தானே இருந்திருக்கும், துடிப்புத் தவறுவது இரவிலல்லவா?” என்று மனம் வாதிட்டது.

அந்த வாதம் முற்றிலும் பிழையன்று. வழக்கமான ஈ.சி.ஜி. பதிவு இதயத்தைச் சில விநாடிகளே பார்க்கிறது. இதயமோ நிமிடத்துக்கு எழுபது துடிப்பென்று வைத்தாலும் ஒரு நாளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட முறை துடிக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பவே, உடம்பிலே கட்டிக்கொண்டு நடமாடக்கூடிய பதிவுக்கருவி ஒன்று உண்டு. “ஹோல்டர் பூட்டிப் பார்ப்போம்” என்றார் எம்மைப் பார்த்த வைத்தியர்.

பெட்டியின் கதை

இதயம் துடிக்கும்போது அதில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. தோலின் மேலிருந்தே அதனை அளக்கலாம் என்று 1887இல் இலண்டனில் ஒகஸ்டஸ் வாலர் காட்டினார். அதனைத் தெளிவாகப் பதியும் கருவியை ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரத்து வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். அக்கருவியின் எடை ஏறக்குறைய 600 இறாத்தல். நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளுள் அமிழ்த்தி அசையாது அமர்ந்திருக்கவேண்டும். இதற்காக ஐந்தோவனுக்கு 1924இல் நொபெல் பரிசு கிடைத்தது. இன்றும் ஈ.சி.ஜி. கோட்டின் மேடு பள்ளங்களுக்கு அவர் இட்ட பெயர்களையே வைத்தியர்கள் வழங்குகிறார்கள்.

ஆனால் மனிதன் உப்புநீரில் கைவைத்துக்கொண்டு வாழ்பவன் அல்லன். அவன் நடக்கிறான், உண்கிறான், சண்டையிடுகிறான், உறங்குகிறான். அவ்வேளைகளில் இதயம் என்ன செய்கிறது என்று அறிய விரும்பினார் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நோர்மன் ஜெஃப் ஹோல்டர் என்னும் பௌதிக அறிஞர். 1940களின் பிற்பகுதியில் அவர் செய்த முதற்கருவி ஒரு முதுகுச்சுமை. எடை 85 இறாத்தல். அதனைச் சுமந்துகொண்டே சைக்கிள் மிதித்து, இதயத்தின் செய்தியை வானொலி அலையாக அனுப்பினார். அரிசி மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு இதயப் பரிசோதனை செய்வது போன்றதுதான் அது. பின்னர் திரான்சிஸ்டர் வந்தது, ஒலிநாடா வந்தது, சுமை சுருங்கியது. 1961இல் ‘சயன்ஸ்’ என்னும் ஆராய்ச்சி இதழில் ஹோல்டர் தம் முறையை விளக்கினார். மறு ஆண்டிலேயே கருவி விற்பனைக்கும் வந்தது.

இன்று அது உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. நாடாவுக்குப் பதிலாக எண்முறை நினைவகம். எமது நெஞ்சில் பொட்டுப் போல ஒட்டும் சில மின்வாய்களை ஒட்டி, மெல்லிய வயர்களால் பெட்டியோடு இணைத்து, பெட்டியை இடுப்பில் பூட்டிவிட்டார் அங்கிருந்த உத்தியோகத்தர். பலருக்கு ஓர் ஐயம் உண்டு: வயர் இருக்கிறதே, உடம்பில் மின்சாரம் பாயுமோ என்று. பாயாது. இக்கருவி எதையும் உடம்புக்குள் செலுத்துவதில்லை. இதயம் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்கிறது. அவ்வளவே.

“குளிக்கவேண்டாம்; பொட்டைக் கழற்றவேண்டாம்; மற்றெல்லாம் வழக்கம் போலச் செய்யுங்கள். ஏதாவது தோன்றினால் இந்தப் பொத்தானை அழுத்தி, நேரத்தையும் அப்போது என்ன செய்தீர்கள் என்பதையும் இந்தத் தாளில் எழுதுங்கள்” என்றார். ‘வழக்கம் போல’ என்னும் அச்சொல்லைக் கேட்டபோது எமக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம் என்பதை நாம் துறந்து மூன்று மாதமாயிற்றே!

இருபத்துநான்கு மணிநேரம்

கண்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த வயரை அருகில் அமர்ந்திருந்த ஒரு முதிய அம்மையார் கண்டுவிட்டார். “என்ன தம்பி, ரேடியோவா?” என்றார். “இல்லை அம்மா, இதயத்தைப் பார்க்கிற பெட்டி” என்றோம். அவர் சற்று நேரம் பெட்டியையே பார்த்தார். “பார்க்கட்டும், பார்க்கட்டும். நம்ம நெஞ்சை யாராச்சும் ஒருத்தர் ஒரு நாளாவது பார்த்தா நல்லதுதானே” என்று சொல்லிவிட்டுப் பேராதனையில் இறங்கிப் போனார்.

வீட்டுப் படிகளின் முன் நின்றோம். ‘வழக்கம் போல’ என்று சொல்லியிருக்கிறார்களே என்று ஏறினோம். நாற்பதாவது படியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினோம். பிற்பகல் 3.40, படியேற்றம் என்று எழுதினோம்.

கருவி பூட்டியிருக்கும்போது ஒரு விந்தை நேர்கிறது. அஞ்சுபவனுக்கு அது இரு விதமாகவும் தோன்றும். ஒரு கணம், இனி நாம் தனியாக இல்லை, சாட்சி ஒன்று கூடவே இருக்கிறது என்ற ஆறுதல். மறுகணம், இவ்வளவு பெரிய பரிசோதனை செய்கிறார்களென்றால் உள்ளே ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்ற திகில். பொட்டு ஒட்டிய இடத்தில் அரித்தால்கூட மாரடைப்போ என்று தோன்றியது. எம் இல்லாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, “பெட்டி தன் வேலையைப் பார்க்கிறது; நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்களேன்” என்றாள். எத்தனையோ புத்தகங்களில் கிடைக்காத அறிவுரை அது. எனினும் அன்று அதனை ஏற்கும் பக்குவம் எமக்கு இல்லை.

இரவு 2.10. விழிப்பு வந்தது. நெஞ்சு படபடத்தது, கை குளிர்ந்தது. இதோ, இது தான், இதனைத்தான் கருவி பிடிக்கவேண்டும் என்று பொத்தானை அழுத்தினோம். எழுதும் கை நடுங்கியது. தமையனாரின் முகம் கண்முன் நின்றது. பக்கத்து அறையில் விளக்கு எரிவதைக் கண்டோம்; க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன் விழித்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டோம். அவன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்பது பின்னர்தான் தெரியவந்தது.

கருவி கண்டது

ஒரு வாரத்தின் பின் வைத்தியர் அறிக்கையை விரித்தார். அந்த இருபத்துநான்கு மணிநேரத்தில் எமது இதயம் ஓர் இலட்சத்து நாலாயிரத்துச் சொச்சம் முறை துடித்திருந்தது. மிகக் கூடிய வேகம் நிமிடத்துக்கு 131, அது படியேறியபோது. மிகக் குறைந்தது 49. அது விடியற்காலை உறக்கத்தில். இடையிடையே முந்திக்கொண்டு வந்த துடிப்புகள் இருநூற்றுச் சொச்சம்.

“இருநூறா!” என்றோம் நாம்.

“இலட்சத்தில் இருநூறு” என்றார் வைத்தியர். பின்னர் விளக்கினார். இதயத்துக்குத் தாளம் தரும் இயற்கையான இடம் ஒன்று உண்டு. சில வேளைகளில் வேறோர் இடத்திலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். அதன் பின் இதயம் சற்று நீண்ட ஓய்வு கொள்ளும். அந்த ஓய்வைத்தான் ‘துடிப்பு நின்றுவிட்டது’ என்று நாம் உணர்கிறோம். ஓய்வின்போது இதய அறையில் இரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக அடிக்கும். அதுதான் அந்த ‘டமார்’. நோயற்ற இதயங்களை ஒரு நாள் முழுதும் பதிந்து பார்த்தாலும் இத்தகைய துடிப்புகள் பெரும்பாலும் காணப்படும். இதயத்தின் அமைப்பு நன்றாக இருக்குமிடத்து, எப்போதாவது வருகின்ற இவை பொதுவாகத் தீங்கற்றவை.

அதன் பின் அவர் காட்டியதுதான் எம்மைத் திகைக்கவைத்தது. நாம் ஒன்பது முறை பொத்தானை அழுத்தியிருந்தோம். அவற்றுள் இரண்டில் மட்டுமே முந்திய துடிப்பு இருந்தது. ஏனைய ஏழிலும் இதயம் வேகமாக, ஆனால் சற்றும் தாளம் பிசகாமல் ஓடியிருந்தது. ‘இதுதான் கடைசி’ என்று நாம் நடுங்கிய இரவு 2.10க்கும் அப்படித்தான், நிமிடத்துக்கு 112, ஒழுங்கான துடிப்பு. மாறாக, முந்திய துடிப்புகள் மிகுதியாக வந்த வேளை மறுநாட்காலை பத்து மணியளவு. அப்போது நாம் அண்டைவீட்டு மாஸ்டரோடு தேர்தல் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒன்றையும் உணரவில்லை!

“நீங்கள் எண்ணியபடி இதயம் தவறி, அதனால் நீங்கள் பயப்படவில்லை. நீங்கள் பயந்தீர்கள், அதனால் இதயம் ஓடியது” என்றார் அவர்.

அச்சம் வந்தால் இதயம் ஓடுவது நோயன்று. அது படைப்பின் ஏற்பாடு. ஆபத்து என்று மூளை கருதியவுடன் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு விரைகிறது, தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து கை கால் குளிர்கிறது. காட்டில் கரடியைக் கண்டவன் ஓடுவதற்கு இது வேண்டும். கரடி இல்லாத படுக்கையறையில் இதயமே கரடியாகத் தோன்றிவிட்டால், ஓடுவதற்கும் இடமில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எமக்கோ துடித்ததெல்லாம் பேயாயிற்று.

இது நமது காலத்தின் புதுநோயும் அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் நெஞ்சுவலியும் என்று வந்த போர்வீரர்களை ஆராய்ந்த வைத்தியர் டா கோஸ்டா, 1871இல் அவர்களைப் பற்றி எழுதினார். இதயத்தின் அமைப்பில் நோய் காணமுடியாத பலர் அவர்களுள் இருந்தனர். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையிலும் இதே முறைப்பாடு பெருகிற்று. ‘போர்வீரர் இதயம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. அவர்கள் நடிக்கவில்லை, கோழைகளுமல்லர். துன்பம் உண்மை, துடிப்பு உண்மை, அதற்கு அவர்கள் கண்ட காரணம் மட்டுமே வேறு.

வைத்தியர் எம்மை அத்தோடு விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இரத்தச் சோகையும் தைரொயிட்டுச் சுரப்பியின் மிகையும் படபடப்பைத் தரும் என்று இரத்தம் பார்த்தார். எக்கோ எடுத்து இதயத்தின் அமைப்பைப் பார்த்தார். குடும்பத்தில் மாரடைப்பு இருந்ததால் கொலஸ்திரோலும் சீனியும் பார்த்தார். இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருந்தது. “இதற்குத்தான் நீங்கள் கவனம் எடுக்கவேண்டும். உப்பைக் குறையுங்கள், நடையைக் கூட்டுங்கள்” என்றார். உணராத ஒன்றில் கவனம் வேண்டியிருக்க, உணர்ந்த ஒன்றுக்காக நாம் நடையைக் குறைத்திருந்தோம்!

மீண்டும் வந்த விருந்தாளி

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறையாகக் கொண்டாடினோம். பதினேழு நாள் நன்றாக உறங்கினோம். பதினெட்டாம் நாள் இரவு மனம் மெல்லக் கேட்டது: “கருவி பூட்டிய அந்த நாளில் ஒன்றும் நேரவில்லை. மறுநாள் நேர்ந்திருந்தால்?”

இன்னொரு முறை பூட்டிப் பார்க்கலாம் என்று எண்ணினோம். பதினான்கு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டுக்கருவி உண்டு என்று அறிந்தோம். ஈ.சி.ஜி. காட்டும் கைக்கடிகாரத்தின் விலையை விசாரித்தோம். இரண்டாயிரம் ஆண்டு பதிந்து தரும் கருவி இருந்தாலும் அதற்கும் மறுநாள் ஒன்று இருக்கத்தானே செய்யும் என்பது எமக்குத் தோன்றவில்லை.

அந்நாட்களில் ஓர் இரவு மகன் எம் அறைவாயிலில் வந்து நின்றான். “அப்பா, எனக்கும் அடிப்புத் தவறுகிறது. இரண்டு மாதமாக நானும் எண்ணிப் பார்க்கிறேன்” என்றான். அவன் கைவிரல் மணிக்கட்டிலே இருந்தது. நாம் பிடிப்பது போலவே பிடித்திருந்தான். அவனது பாடக்கொப்பியின் பின்பக்கத்தில் நேரமும் நாடி எண்ணிக்கையும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கருவி பூட்டிய அன்று இரவு 2.10க்கு எரிந்த விளக்கின் பொருள் அப்போது விளங்கிற்று. அவன் படிக்கவில்லை; எண்ணிக்கொண்டிருந்தான்.

நாம் அஞ்சியது எமது இதயத்தைப் பற்றி. ஆனால் இழக்கத் தொடங்கியிருந்தது மகனின் அமைதியை. தகப்பன் விட்டுச்செல்லும் சொத்து வீடும் வளவும் மட்டுமல்ல. பயமும் சொத்தாகப் போய்ச்சேரும் என்பதை அன்றுதான் கண்டோம்.

மகனை வைத்தியரிடம் காட்டினோம், குறை ஒன்றுமில்லை. எம்மை அவர் மனநல சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். முதலில் மனம் கூசியது. “எமக்கு நெஞ்சில் அல்லவா படபடப்பு?” என்று கேட்கத் தோன்றியது. நல்லவேளையாகக் கேளாமற் போனோம்.

அங்கே கற்றது இது. 1986இல் இங்கிலாந்தில் போல் சல்கோவ்ஸ்கிஸ், ஹிலறி வோர்விக் என்னும் இருவர், நோயச்சம் பற்றி ஒரு முக்கியமான உண்மையை எடுத்துக்காட்டினர். அஞ்சுபவர் ஆறுதல் தேடி மீண்டும் மீண்டும் பரிசோதிப்பதும், பிறரைக் கேட்பதும் அச்சத்தை அப்போதைக்குத் தணிக்கின்றன. ஆனால் நாளடைவில் அதனை வளர்க்கின்றன. சொறியச் சொறிய அரிப்பு மிகுவது போலத்தான். எனவே மருந்து இன்னொரு சான்று அன்று. சான்று கேட்கும் பழக்கத்தைக் குறைத்தலே மருந்து.

எமக்குத் தரப்பட்ட பயிற்சி எளியது, செய்வதுதான் கடினம். நாளுக்கு நாற்பது முறை பார்த்த நாடியை முதல் வாரத்தில் பத்து முறையாகக் குறைத்தோம், பின்னர் மூன்று, பின்னர் இல்லை. பார்க்கவேண்டும் என்ற உந்துதல் எழும்போது பத்து நிமிடம் பொறுத்தோம்; அலை எழுந்து தானே தணிவதைக் கண்டோம். இணையத்தில் நோய்க்குறி தேடுவதை நிறுத்தினோம். “எனக்கு ஒன்றுமில்லையே?” என்று இல்லாளைக் கேட்பதை நிறுத்தினோம். அவளும் “ஒன்றுமில்லை” என்று நூறாவது முறையாகச் சொல்வதை விட்டு, “பயம் வந்திருக்கிறதா? வாருங்கள், மரக்கறி நறுக்கலாம்” என்று சொல்லப் பழகினாள். விட்ட நடையை மீண்டும் தொடங்கினோம். முதல் நாள் வீதிவரை, பின்னர் கோபுரம்வரை.

ஒரு ஞாயிறன்று மகனோடு கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பெற்ற தேசிய புகையிரத நூதனசாலைக்குச் சென்றோம். பழைய நீராவி எஞ்சின்களைப் பார்த்து நின்றபோது இந்த மலைப்பாதையின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1867இல் கண்டிவரை இருப்புப்பாதை திறந்தபோது, இறம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏற்றமே பெருஞ்சோதனையாக இருந்தது. நாற்பத்தைந்து அடி ஓடினால் ஓரடி உயர்வு. நீராவிக் காலத்தில் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னோர் எஞ்சினையும் பூட்டுவார்கள். மூசி இரைந்து புகைகக்கி ஏறும். அந்த இரைச்சலைக் கேட்டு எஞ்சின் பழுதாயிற்று என்று எவரும் இறங்கி ஓடவில்லை. “ஏற்றத்தில் இரைந்தால்தான் அப்பா அது நல்ல எஞ்சின்” என்றான் மகன். இருவரும் வீட்டுப் படிகளை ஏறினோம். நெஞ்சு அடித்துக்கொண்டது. இருவரும் எண்ணவில்லை.

இல்லத்தாருக்குச் சில சொற்கள்

நோயச்சம் வேறு, நோய் வேறு. ஆனால் அச்சமுள்ளவனுக்கு நோய் வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆதலால் இரண்டையும் பிரித்தறியும் சில குறிகளை ஒவ்வொரு இல்லத்தாரும் அறிந்திருத்தல் நன்று. நெஞ்சை அழுத்தும் வலி சில நிமிடங்களில் நீங்காது நின்றால், அல்லது கை, கழுத்து, தாடை நோக்கிப் பரவினால்; மூச்சுத் திணறலோடு குளிர்ந்த வியர்வை வந்தால்; மயங்கி விழுந்தால்; ஓடி விளையாடும்போது திடீரெனப் படபடப்பும் மயக்கமும் வந்தால் தாமதிக்கலாகாது. 2016இல் தொடங்கிய ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். குடும்பத்தில் இளவயதிலேயே திடீர் மரணம் நேர்ந்திருந்தால், நோய்க்குறி இல்லாவிடினும் வைத்தியரிடம் அதனைச் சொல்லவேண்டும்.

கருவி பூட்டச் சொன்னால் பூட்டிக்கொள்ளுங்கள். பூட்டியபின் படுத்தே இருக்கவேண்டாம். படியேறுங்கள், வேலை செய்யுங்கள், வழக்கமான நாளைக் கருவிக்குக் காட்டுங்கள். உணர்ந்தவற்றை நேரத்தோடு எழுதுங்கள்; அறிக்கையோடு அதனை ஒப்பிட்டு விளக்குமாறு வைத்தியரைக் கேளுங்கள். பொத்தான் அழுத்திய நேரத்தில் இதயம் என்ன செய்தது என்னும் அந்த ஒரு விடை, பல மாதத்து ஊகத்தைவிடப் பெறுமதி வாய்ந்தது.

ஒருவேளை கருவி உண்மையாகவே ஒரு குறையைக் கண்டுவிட்டால்? அப்போதும் வழி உண்டு. சுவீடன் நாட்டில் ஆர்ன லார்சன் என்பவருக்கு 1958இல், உலகிலேயே முதன்முதலாக, இதயத்துக்குத் தாளம் தரும் கருவியை உடம்பினுள் பொருத்தினார்கள். அந்த முதற்கருவி சில மணிநேரமே வேலை செய்தது. மாற்றினார்கள், மீண்டும் மாற்றினார்கள். இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி அணிந்த அவர், 2001இல் தமது 86ஆம் வயதிலேதான் மறைந்தார். அதுவும் இதய நோயாலன்று.

அச்சம் கைமீறிப் போகிறதென்றால் அதனைச் சொல்ல வெட்கப்படவேண்டாம். இலங்கையில் 1926 என்னும் இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி. கால் முறிந்தவன் வைத்தியரிடம் போவதற்கு வெட்கப்படுவதில்லை. உறக்கம் முறிந்தவன் ஏன் வெட்கப்படவேண்டும்?

மாணவர்களுக்கும் ஒரு சொல். பரீட்சைக் காலத்தில் நித்திரை விழித்து, மேலும் மேலும் தேநீரும் கோப்பியும் அருந்தினால் இதயம் படபடக்கும். அது உமது இதயம் உம்மிடம் ஓய்வு கேட்பது, ஓலமிடுவதன்று. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் அஞ்சுவதைக் கண்டால் அந்த அச்சத்தை மறைவில் நீங்களும் சுமக்காதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள்.

எமக்கு இன்றும் சில இரவுகளில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது. சற்று நின்று, பின் ‘டமார்’ என்கிறது. தமையனாரை நினைக்கிறோம். அந்த நினைவுக்கு இப்போது நாடி பார்க்கவேண்டியதில்லை; ஒரு பெருமூச்சுப் போதும். மறுபக்கம் திரும்பிப் படுக்கிறோம். மகனின் அறையில் விளக்கு அணைந்திருக்கிறது. அவன் உறங்குகிறான் என்று அறிந்தபின் எமக்கும் உறக்கம் வந்துவிடுகிறது.